உங்கள் உடம்புக்கு எத்தனை வயது?

1960-களின் தொடக்கத்தில் பிறந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய பல்லில் அணுகுண்டின் தடம் இருக்கிறது. அவர் சென்னையில் பிறந்தாலும் செங்கோட்டையில் பிறந்தாலும் யாழ்ப்பாணத்தில் பிறந்தாலும் இதில் மாற்றமில்லை.

1950-களின் நடுவிலிருந்து 1963 வரை அமெரிக்காவும் சோவியத் யூனியனும் போட்டிபோட்டுக்கொண்டு திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கரியமில வாயுவாக அது பயிருக்குள் போனது. நெல்லுக்குள், புல்லுக்குள், புல்லை மேய்ந்த மாட்டின் பாலுக்குள். அந்தப் பாலையும் சோற்றையும் சாப்பிட்டு வளர்ந்த குழந்தையின் பல் எனாமலில் போய்த் தங்கிவிட்டது. இதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஒன்று என்றிருந்தது, சுமார் இரண்டு என்றானது, அவ்வளவுதான்.

1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் திறந்தவெளிச் சோதனையை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்பிறகு காற்றிலிருந்த கூடுதல் கார்பன்-14 கடலிலும் தாவரங்களிலும் கலந்து வருடாவருடம் குறைந்துகொண்டே வந்தது. எந்த வருடத்தில் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு ஆராய்ச்சியாளர்களிடம் துல்லியமாக இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான், மனித உடம்பைப் பற்றிய மிகப் பழைய கேள்வி ஒன்றுக்கு விடை கிடைத்தது.

ஏழு வருடத்துக்கு ஒருமுறை நம் உடம்பு முழுக்கப் புதிதாகிவிடுகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். மேடைப் பேச்சாளர்களும் அதைச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. சில செல்கள் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. சில செல்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவாகி, நம்மோடு சேர்ந்து சுடுகாடு வரைக்கும் வருகின்றன. எது எத்தனை நாள் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால், மாரடைப்பு வந்தவரை ஏன் நிமிடக் கணக்குப் பார்த்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், கல்லீரலில் பாதிக்கு மேல் கொடுத்தவர் எப்படி நன்றாக நடமாடுகிறார், சர்க்கரை நோயாளிக்கு ஏன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஒரு பரிசோதனை எழுதுகிறார்கள் என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

செல்லுக்குள் எழுதிய தேதி

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஸ்டெம் செல் ஆராய்ச்சி செய்யும் யோனாஸ் ஃப்ரிசேனும் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் 2005-இல் ஓர் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்கள். மனித செல் ஒன்று எந்த ஆண்டில் பிறந்தது என்பதைக் கார்பன்-14 மூலம் கண்டுபிடிக்கலாம் என்று அதில் காட்டினார்கள். இது எப்படிச் சாத்தியம் என்று புரிய, செல்லுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

நம் உடம்பின் பெரும்பாலான செல்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு மில்லிமீட்டருக்குள் ஐம்பது, நூறு செல்களை வரிசையாக நிறுத்திவிடலாம். செல்லைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று முடிவுசெய்யும் புரதங்கள் அந்தச் சவ்வில் பதிந்திருக்கின்றன. உள்ளே ரைபோசோம்கள் ஓயாமல் புரதம் தயாரிக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாக்கள் நாம் சாப்பிட்டதையும் சுவாசித்ததையும் சேர்த்துச் செல்லுக்கு வேண்டிய ஆற்றலாக மாற்றுகின்றன. தேய்ந்துபோன உறுப்புகளைக் கரைத்து மறுபடி பயன்படுத்த லைசோசோம்கள் இருக்கின்றன. நடுவே உட்கரு, அதற்குள் 46 குரோமோசோம்களில் சுருட்டி வைத்த, நீட்டினால் இரண்டு மீட்டர் வரும் டி.என்.ஏ.

இதில் டி.என்.ஏ. தவிர மற்றவை பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். சவ்வின் கொழுப்பு மாறும், புரதம் மாறும், மைட்டோகாண்ட்ரியா மாறும். டி.என்.ஏ.யில் அவ்வப்போது சிறு பழுதுபார்ப்பு நடப்பதோடு சரி. செல் இரண்டாகப் பிரியும்போதுதான் அது முழுதாகப் புதிதாக எழுதப்படுகிறது. அந்தச் சமயத்தில் உடம்பில் இருந்த கார்பன்தான் அதில் சேர்கிறது. பழைய வீடுகளின் முகப்பில் கட்டிய வருடத்தைச் சிமென்டில் எழுதியிருப்பார்களே, அப்படித்தான். ஓடு மாறியிருக்கும், சுவருக்குப் பத்துத் தடவை வெள்ளையடித்திருப்பார்கள், வருடம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஆக, பல லட்சம் செல்களின் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து அதிலுள்ள கார்பன்-14ஐ அளந்தால், காற்றில் அந்த அளவு இருந்த ஆண்டு எது என்று பார்த்துச் செல்லின் சராசரிப் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடலாம். இதே குழு பல் எனாமலை அளந்து, ஒருவர் பிறந்த ஆண்டைச் சராசரியாக 1.6 ஆண்டு வித்தியாசத்துக்குள் சொல்ல முடியும் என்றும் நிரூபித்தது. எனாமலில் செல்லே கிடையாது. அதை உருவாக்கிய செல்கள், பல் முளைத்து வெளியே வரும்போதே இறந்துவிடுகின்றன. எனாமல் ஒருமுறை குழிந்தால் திரும்ப வளராததும், பல் மருத்துவர் அடைத்துத்தான் தீர வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இந்தக் கடிகாரத்துக்கும் ஆயுள் உண்டு. காற்றில் கார்பன்-14 இப்போது சோதனைகளுக்கு முந்தைய அளவுக்கே இறங்கிவிட்டது. ஆகவே இனிப் பிறக்கும் குழந்தைகளின் செல்களை இந்த வழியில் வயது பார்ப்பது மிகவும் கடினம்.

பிஷா பார்த்த நெசவு

செல்லைப் பற்றிய தெளிவு வருவதற்கு முன்பே திசுவைப் பற்றிய தெளிவு வந்துவிட்டது என்பது மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பாரிஸில் சேவியர் பிஷா என்ற இளம் மருத்துவர் இருந்தார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. அந்தக் காலத்து லென்ஸ்கள் பிம்பத்தைக் குழப்பின என்பதால் அதில் தப்பில்லை. கத்தியையும் கண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு பிணங்களை அறுத்துப் பார்த்தார். ஒரே குளிர்காலத்தில் அறுநூறு உடல்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். உறுப்புகளைக் கொதிக்க வைத்தார், காய வைத்தார், அமிலத்தில் ஊற வைத்தார். இதயம், குடல், நுரையீரல் என்று உறுப்புகள் வேறு வேறாகத் தெரிந்தாலும், அவை எல்லாம் திரும்பத் திரும்ப வரும் சில வகைப் பொருட்களால் ஆனவை என்று கண்டார். அவற்றை 21 வகைத் திசுக்களாகப் பிரித்து 1801-இல் புத்தகமாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே, 30 வயதில், இறந்துபோனார். திசுக்கள் செல்களால் ஆனவை என்று தியோடர் ஷ்வான் சொன்னது 1839-இல்தான்.

இன்று அந்த 21 வகை நான்காகச் சுருங்கிவிட்டது. உடம்பின் வெளிப்புறத்தையும் உட்குழல்களையும் போர்த்தியிருப்பது எபிதீலியத் திசு. தாங்கிப் பிடிப்பதும் இடத்தை நிரப்புவதும் இணைப்புத் திசு. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, ரத்தம் எல்லாம் இதில் அடக்கம். சுருங்கி விரிவது தசைத் திசு. செய்தி கொண்டுபோவது நரம்புத் திசு. எந்த உறுப்பிலும் இந்த நான்கும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். பள்ளிப் பாடத்தில் இவற்றை வடிவத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவற்றின் ஆயுளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வாழ்நாள் முழுக்கப் பயன்படும்.

ஐந்து நாள் வாழ்க்கை

சிறுகுடலின் உட்சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தால், விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் தெரியும். ஒவ்வொன்றின் உயரமும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. நாம் சாப்பிட்ட இட்லியின் சர்க்கரையும் சாம்பாரின் புரதமும் ரத்தத்துக்குள் போவதற்கு இந்த விரல்களைப் போர்த்தியிருக்கும் ஒற்றை வரிசைச் செல்களைத் தாண்ட வேண்டும். அந்த ஒரே வரிசைக்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் செரிமான நொதிகளும். இந்தப் பக்கம் நம் ரத்தம். பக்கத்துச் செல்லோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் காவல் நிற்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் எந்தச் செல்லும் நெடுநாள் நிற்க முடியாது. விரல்களின் அடிவாரத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. குழியின் அடியில் ஸ்டெம் செல்கள். நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு 2007-இல் இவற்றை அடையாளம் காட்டியது. அவை பிரிந்துகொண்டே இருக்க, புதிய செல்கள் பழையவற்றை மேலே தள்ளுகின்றன. ஏறும் வழியிலேயே ஒன்று உணவை உறிஞ்சும் செல்லாகிறது, இன்னொன்று சளியைச் சுரக்கும் செல்லாகிறது. மூன்றிலிருந்து ஐந்து நாட்களில் உச்சிக்கு வந்து, உதிர்ந்து, குடலுக்குள் விழுந்து மலத்தோடு போய்விடுகின்றன. அந்த உச்சியில் உதிர்ந்த இடத்தில் துளைகூட விழுவதில்லை. பக்கத்துச் செல்கள் உடனே நெருங்கிச் சேர்ந்துகொள்கின்றன.

ஆனால் அதே குடலில், இந்தப் போர்வைக்குக் கீழே இருக்கும் மற்ற செல்களின் சராசரி வயது சுமார் 16 ஆண்டுகள் என்று ஃப்ரிசேன் குழு கண்டது. முப்பதுகளின் கடைசியில் இருந்தவர்களிடம் எடுத்த கணக்கு இது. ஒரே குடலில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில், ஐந்து நாள் செல்லும் பதினாறு வருடச் செல்லும் அடுத்தடுத்து இருக்கின்றன.

தோலின் மேலடுக்கு மாறச் சுமார் ஒரு மாதம் ஆகிறது. வாய்ப்புண் ஒரு வாரத்தில் ஆறிவிடுவதற்கு, வாயின் உட்புறச் செல்கள் அதைவிட வேகமாக மாறுவது முக்கியக் காரணம். புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களுக்கு முடி கொட்டுவது, வாய் வெந்துபோவது, வயிற்றுப்போக்கு வருவது, ரத்த அணுக்கள் குறைவது எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். வேகமாகப் பிரியும் செல்லைத் தாக்குவது பல கீமோ மருந்துகளின் வேலை. புற்றுநோய்ச் செல்லும் அப்படிப் பிரிகிறது. முடியின் வேரும் குடலும் எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான் பிரிகின்றன. பக்கத்து வீட்டில் கீமோ எடுப்பவரைப் பார்த்து “விஷத்தை ஏத்துறாங்க” என்று பேசுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டெம் செல்கள் தப்பித்து நிற்பதால்தான் மருந்து முடிந்தபின் முடி திரும்ப முளைக்கிறது.

மூன்று மாதக் கணக்கு

ஒருவர் உடம்பில் மொத்தம் எத்தனை செல்கள்? 70 கிலோ எடையுள்ள ஆணுக்குச் சுமார் 36 லட்சம் கோடி என்று 2023-இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை ரத்தச் சிவப்பணுக்கள். நாள் ஒன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் இறந்து புதிதாகின்றன; அதிலும் ரத்த அணுக்கள்தான் 100-க்கு 85-க்கு மேல்.

சிவப்பணு ஒரு விசித்திரமான செல். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும்போது அதற்கு உட்கரு உண்டு. முதிரும் தறுவாயில் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் ரைபோசோமும்கூடப் போய்விடுகின்றன. அந்த இடத்தையெல்லாம் ஹீமோகுளோபின் நிரப்புகிறது. ஓர் அணுவுக்குள் சுமார் 27 கோடி மூலக்கூறுகள். ஆக்சிஜனைச் சுமப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்ட செல் இது. இதற்கு விலையும் உண்டு. டி.என்.ஏ. இல்லை, ரைபோசோம் இல்லை. எனவே தேய்ந்த புரதத்தை மாற்ற வழியில்லை. சவ்வு நாளாக நாளாக விறைக்கிறது. மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் வளைந்து நுழைய முடியாமல் போகும் நாளில் அதன் கதை முடிகிறது. சுமார் 120 நாள். இரும்பை உடம்பு பத்திரமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி பிலிருபின் என்ற நிறமியாகிக் கல்லீரல் வழியே வெளியேறுகிறது.

இந்த 120 நாளில்தான் நம் ஊர் லேப்களில் “மூணு மாச சுகர்” என்று சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை நிற்கிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப ஹீமோகுளோபினில் அது ஒட்டிக்கொள்கிறது, ஒட்டினால் விடுவதில்லை. 1968-இல் ஈரானின் சாமுவேல் ரஹ்பர் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வித்தியாசமான ஹீமோகுளோபினைக் கவனித்தார். சிவப்பணு மூன்று, நான்கு மாதம் உயிரோடு சுற்றுவதால், அந்தக் காலம் முழுக்கச் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் இனிப்பை நிறுத்திவிட்டுப் போனால் அது ஏமாறாது. ஆனால் சிவப்பணுவின் ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருப்பவருக்கு அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம்; சிவப்பணுக்கள் சீக்கிரமே உடையும் நோய் இருப்பவருக்குக் குறைவாகக் காட்டும். ரத்தசோகை பரவலாக இருக்கும் நம் பெண்களிடம் இதை மருத்துவர்கள் நினைவில் வைத்துப் பார்க்க வேண்டியது அவசியம்.

தட்டணுக்களின் ஆயுள் எட்டிலிருந்து பத்து நாள். டெங்குவில் தட்டணு எண்ணிக்கை இறங்கி வீட்டையே கலங்கடித்துவிட்டு, கண்டம் தாண்டியதும் சில நாட்களில் தானாகவே ஏறுவது எலும்பு மஜ்ஜை புதிய தட்டணுக்களை வேகமாக உருவாக்குவதால்தான்.

திரும்பி வரும் கல்லீரல், மாறாத தசைநாண்

கல்லீரல் செல்களின் வயதை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஓலாஃப் பெர்க்மன் குழு 2022-இல் அளந்தது. 20 வயதுக்காரரானாலும் 80 வயதுக்காரரானாலும், அவருடைய கல்லீரல் செல்களின் சராசரி வயது மூன்று ஆண்டுக்குள்தான். ஒரு பகுதிச் செல்கள் மட்டும் பத்து ஆண்டு வரை தங்குகின்றன. உயிரோடு இருப்பவரிடமிருந்து கல்லீரலில் பாதிக்கு மேல் எடுத்து இன்னொருவருக்கு வைத்தபின், சில மாதங்களில் இருவரிடமும் அது ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடுவது இந்தப் புதுப்பிக்கும் திறனால்தான்.

இதை நம்பிக் குடிப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செல்கள் செத்துக்கொண்டே இருந்தால், புதிய செல்களோடு போட்டிபோட்டு இணைப்புத் திசுவும் வளர்கிறது. கொலாஜன் நார்கள் கல்லீரலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுகின்றன. அதுதான் சிரோசிஸ். செல் வளரத் தயாராக இருந்தும், ரத்தம் ஓட வழியில்லாமல் போகிறது. குடியை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறாரோ அவ்வளவுக்குக் கல்லீரல் மீளும்.

கொழுப்புச் செல்கள் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு மாறுகின்றன. ஆனால் வளர்ந்தபின் அவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட நிலையாக இருக்கிறது. எடை குறைந்தாலும் செல்கள் சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கை குறைவதில்லை. அரும்பாடுபட்டு எடையைக் குறைத்தவர்களுக்கு அது ஏன் இவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது என்பதற்கு இது ஒரு காரணம். அவர்களுடைய மனவுறுதியைக் குறைசொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணோ நேர்மாறு. அதன் உட்பகுதி பதினேழு வயதுக்குள் உருவானதுதான். அதன்பின் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று 2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதே கார்பன்-14 முறையில் கண்டார்கள். தசைநாண் அறுந்தால் ஆற அத்தனை மாதம் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. கண் லென்ஸின் மையத்தில் உள்ள புரதம் இன்னும் பழையது. பிறந்த சமயத்திலேயே உருவானது. ஒளி தடையில்லாமல் போவதற்காக அந்தச் செல்களும் உட்கருவை விட்டுவிட்டவை, ஆகவே பழுதுபார்க்க வழி கிடையாது. நாற்பதைத் தாண்டியதும் லென்ஸ் இறுகி வெள்ளெழுத்து வருவதும், பிறகு கண்புரை வருவதும் இந்த வழியில்தான்.

போனால் வராதவை

மூளைப் புறணியின் நரம்புச் செல்களை அளந்தபோது அவற்றின் வயதும் மனிதரின் வயதும் ஒன்றாகவே இருந்தன. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற செல்களோடு தொடர்பு வைத்திருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் நீளத்துக்குப் போகும் நரம்புச் செல்லும் உண்டு. கற்றதும் நினைவில் இருப்பதும் இந்தத் தொடர்புகளில்தான். செல் பிரிந்து புதிதானால் தொடர்புகள் கலைந்துவிடும். நினைவோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகேம்பஸ் பகுதியில் மட்டும் தினமும் சுமார் 700 புதிய நரம்புச் செல்கள் பிறப்பதாக ஃப்ரிசேன் குழு 2013-இல் சொன்னது. பெரியவர்களிடம் அப்படி எதுவும் தென்படவில்லை என்று 2018-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் மறுத்தார்கள். வாதம் இன்னும் தீரவில்லை.

இதயத்துக்கு விடை 2009-இல் வந்தது. இதயத் தசைச் செல்கள் அறவே மாறாதவை என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். பெர்க்மனும் ஃப்ரிசேனும் அளந்து பார்த்ததில், 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு செல்லும், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவும் மாறுவது தெரிந்தது. முழு ஆயுளிலும் பாதிச் செல்கள்கூடப் புதிதாவதில்லை. இடது கீழறையில் சுமார் 300 கோடி தசைச் செல்கள். பெரிய மாரடைப்பில் நூறு கோடி வரை சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்ற வேகத்தில் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. இறந்த இடத்தை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்கள் தழும்பால் மூடுகின்றன. தழும்பு இதயச் சுவரைக் கிழியாமல் காப்பாற்றும், ஆனால் சுருங்கி ரத்தத்தைத் தள்ளாது. நெஞ்சுவலியை “வாயுவாக இருக்கும்” என்று ஓமம் மென்று விடியும்வரை காத்திருக்கும் வீடுகளில், அந்த ஒவ்வொரு மணி நேரத்திலும் திரும்ப வராத செல்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

இருந்தாலும் அந்த ஒரு சதவீதத்தை ஆராய்ச்சியாளர்கள் சும்மா விடவில்லை. இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கு, ரத்தத்தைத் தள்ள உதவும் சிறிய பம்ப் ஒன்றை நெஞ்சுக்குள் பொருத்துகிறார்கள். அப்படிப் பொருத்தியபின் இதயம் நன்றாகத் தேறிய சிலரின் தசைச் செல்களைப் பெர்க்மன் உள்ளிட்ட குழு இதே கார்பன்-14 முறையில் அளந்தது. ஆரோக்கியமான இதயத்தைக் காட்டிலும் ஆறு மடங்குக்கும் மேலான வேகத்தில் அங்கே புதிய செல்கள் உருவாகியிருந்தன. பம்ப் பொருத்திய எல்லாருக்கும் இது நடப்பதில்லை, ஒரு பகுதியினருக்குத்தான். சுமை குறைந்ததும் இதயத் தசைச் செல் மறுபடி பிரியத் தொடங்குகிறதா, அதை மருந்தால் தூண்ட முடியுமா என்பதுதான் இப்போது அவர்கள் ஆராயும் கேள்வி.